தமிழில் குற்றக் கதை சொல்லும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். உங்களில் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. குரல்கள் மட்டும் பழக்கம். சில மாதங்களுக்கு முன், இங்கே சிங்கப்பூரில், செங்காங்கிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ரயிலில் வரும்போது, என் அக்கா மகள் தன் காதில் மாட்டியிருந்ததில் ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்தாள். "சின்னம்மா, இதைக் கேளுங்க. நம்ம ஊர் கேஸ்." கேட்டுக்கொண்டே இறங்க வேண்டிய நிலையத்தை விட்டுவிட்டு டோபி காட் வரை போய்விட்டோம். அப்புறம் நானே தேடித் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். பாட்காஸ்ட், யூடியூப், டிக்டாக்கில் வரும் ஒரு நிமிடத் துண்டு என்று எதையும் விடவில்லை.

இந்த வேலையை நிறுத்துங்கள் என்று கேட்க நான் எழுதவில்லை. நம் ஊரில் நடந்ததை நம் மொழியில் கேட்க எனக்கும் ஆசைதான். என் கவலை எல்லாம் நீங்கள் எடுத்துப் போடும் சொற்களைப் பற்றியது.

24 ஆண்டுகள் நான் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஹேவலாக் ஸ்குவேரில் எண்கோண வடிவில் இருக்கிறதே, பெரும்பாலும் அந்தக் கட்டடத்தில்தான். இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது ஒன்று உண்டு. சாட்சி "நான் பார்த்தேன்" என்று தமிழில் சொன்னால், நாமும் ஆங்கிலத்தில் "நான் பார்த்தேன்" என்றே சொல்ல வேண்டும். "அவர் பார்த்ததாகச் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. அடித்தவர் "நான் அடித்தேன்" என்றால் என் வாயிலும் "நான் அடித்தேன்". பிள்ளையைப் பறிகொடுத்த தாய் "என் பிள்ளை" என்றால் நானும் "என் பிள்ளை". ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. சாட்சி பாதியில் நிறுத்தினால் நானும் பாதியில் நிறுத்த வேண்டும். சில நாள்களில் வீட்டுக்குப் போய் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன், என் வாய்க்குள் யார் யாரோ இருப்பதுபோல் இருக்கும்.

அந்தப் பழக்கத்தோடு உங்கள் நிகழ்ச்சிகளைக் கேட்கிறேன். செத்துப்போனவர் கடைசி நிமிடத்தில் என்ன சொல்லிக் கெஞ்சினார் என்று ஒரு தம்பி அழுகுரலில் பேசிக்காட்டுகிறார். பின்னணியில் இசை வேறு. அந்த அறையில் யார் இருந்தார்கள்? எந்தச் சாட்சி அப்படிச் சொன்னார்? எந்தத் தீர்ப்பில் அது பதிவாகியிருக்கிறது? ஒன்றும் இல்லை. நீங்களே எழுதியது. பேச முடியாதவரின் வாயில் நீங்கள் ஒரு "நான்" வைத்துவிட்டீர்கள். அதைப் பொய் என்று சொல்ல அவர் எழுந்து வர மாட்டார்.

நீங்கள் எல்லாரும் தவறாமல் எடுக்கும் வழக்கு ஒன்று இருக்கிறது. 1984 டிசம்பரில் காணாமல்போன தமிழர் ஒருவரின் வழக்கு. சாங்கியில் விடுமுறை விடுதிகளைப் பார்த்துக்கொண்டவர். மலேசியாவிலுள்ள கெந்திங் மலைக்குச் சூதாடப் போனவர் திரும்பி வரவில்லை என்று புகார் கொடுக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அவர் காணாமல்போனவராகவே இருந்தார். 1987 தொடக்கத்தில் போலீசுக்கு ஒரு தகவல் வந்தது. மார்ச்சில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு பேர் கைதாகி, நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஜூனில், போதிய ஆதாரம் இல்லாததால் ஆறு பேரும் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்று பேர் உடனே வேறொரு சட்டத்தின்கீழ் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டு, 1991ல்தான் வெளியே வந்தார்கள். உடல் கிடைக்கவில்லை. ஆயுதம் கிடைக்கவில்லை. எந்தச் சாட்சியும் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு நிற்கவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அவரைக் கொன்று, உடலைக் கறியாகச் சமைத்து வீசினார்கள் என்பது உட்பட மற்றதெல்லாம் ஒரு தரப்பு வைத்த குற்றச்சாட்டு.

இந்த வழக்குக்கு நீங்கள் சொல்லும் பெயர் எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் வழங்குவதை அப்படியே தமிழாக்கி, சாப்பாட்டின் பெயரையும் கொலையையும் ஒட்டவைத்த பெயர். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு நிகழ்ச்சியின் முகப்புப் படத்தில் வாழையிலை, சோறு, சிவக்கச் சிவக்கக் குழம்பு. இன்னொன்றில் தொடங்கும்போதே, "சாப்பிட்டுக்கிட்டே கேக்காதீங்க மக்களே" என்று இரண்டு பேர் சிரிக்கிறார்கள்.

1987ல் நான் உயர்நிலை மூன்று படித்துக்கொண்டிருந்தேன். அம்மா வாரத்தில் ஒருநாள் ஆட்டுக்கறி கட்டிக் கொடுப்பார். எவர்சில்வர் டிபன், மூடியைத் திறந்தாலே சோம்பு வாசம் மேசை முழுக்கப் பரவும். அந்த மார்ச் மாதத்தில் செய்தி வந்த மறுவாரம், உணவகத்தில் நான் மூடியைத் திறந்ததும் எதிரே இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அது யாரு?" என்று கேட்டாள். "என்ன" என்று கேட்கவில்லை. "யாரு" என்று கேட்டாள். மேசை முழுக்கச் சிரிப்பு. நான் மூடியைப் போட்டுவிட்டேன். அன்று மாலை அம்மா டிபனைக் கழுவத் திறந்தபோது சோறு அப்படியே இருந்தது. காரணத்தை என் தம்பிதான் சொன்னான், அவனுக்கும் அவன் பள்ளியில் அதே அனுபவம். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து ரொட்டியும் முட்டையும்தான். நான் பள்ளியை முடிக்கும்வரை கறி கட்டிக் கொடுக்கவே இல்லை.

அந்தப் பெயரை அன்று எங்கள்மீது எறிந்தவர்கள் நம் மொழி தெரியாதவர்கள். இன்று நாமே தமிழில் அதைத் தலைப்பாக வைக்கிறோம். தம்பி, காணாமல்போனவர் ஒரு மனிதர். அவருக்குச் சொந்தபந்தம் இருக்கும். குற்றம் நிரூபிக்கப்படாமல் வெளியே வந்தவர்களுக்கும் இருக்கும். இது 60 லட்சம் பேர் வாழும் ஊர், அதில் நாம் எத்தனை பேர்? தேக்கா சந்தையில் மீன் வாங்க நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். "1984 சாங்கி வழக்கு" என்று சொல்லுங்கள், போதும். கேட்பவர்கள் குறைந்துவிட மாட்டார்கள்.

சரி, அடுத்தது. சந்தேகத்துக்குரியவர், குற்றம் சாட்டப்பட்டவர், குற்றவாளி. இந்த மூன்றும் உங்கள் நிகழ்ச்சிகளில் ஒரே ஆளுக்கு ஒரே மூச்சில் வருகின்றன. நீதிமன்றத்தில் இந்த மூன்றுக்கும் இடையில் பல ஆண்டுகள் ஓடும், சில நேரம் ஓர் ஆயுளே போய்விடும். 2007ல் 19 வயதுப் பெண் ஒருவர் காணாமல்போன வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 13 ஆண்டுகள் கழித்து, 2020 டிசம்பரில் ஒருவர்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அந்த வாரமே "கொலைகாரன் சிக்கினான்" என்று தமிழில் காணொளிகள் வந்ததை நானே பார்த்தேன். 2022ல் கொலைக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. உடலை மறைத்தது போன்ற குற்றங்களுக்காக அவருக்கு 26 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அந்தப் பெண் இறந்ததைக் கொலை என்று சொல்ல ஆதாரம் இல்லை. பழைய காணொளிகள் மட்டும் பழைய தலைப்போடு அப்படியே இருக்கின்றன. அந்த மனிதர் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. 13 ஆண்டுகள் ஒரு குடும்பத்தைத் தேடவிட்டது சாதாரணக் கொடுமை இல்லை. அந்தக் கொடுமையை அதன் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள் என்கிறேன். அதற்குக் கொலை என்ற சொல் தேவையில்லை.

விடுதலை என்ற சொல்லும் அப்படித்தான். குற்றமற்றவர் என்று தீர்ப்பாகி வெளியே வருவது ஒன்று. இப்போதைக்கு வழக்கை நடத்தவில்லை, பின்னால் ஆதாரம் கிடைத்தால் மறுபடி குற்றம் சாட்டலாம் என்ற நிலையில் விடுவது இன்னொன்று. 1987ல் அந்த ஆறு பேருக்குக் கிடைத்தது இரண்டாவது. இரண்டையும் தமிழில் "விடுதலை" என்று ஒரே சொல்லில் அடைத்துவிட்டு, அடுத்த வரியில் "சட்டத்தின் ஓட்டையில் தப்பித்தார்கள்" என்கிறீர்கள். ஒருமுறை நீதிமன்ற நடைபாதையில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மற்ற கையில் பிளாஸ்டிக் பை, அதில் மகனுக்காக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மடிப்புக் கலையாமல் இருக்க உள்ளே ஓர் அட்டை வைத்திருந்தார். "டிஸ்சார்ஜ்னு சொன்னாங்களே, இனிமே கூப்பிட மாட்டாங்கள்ல?" என்று கேட்டார். அவர் மகனுக்கும் கிடைத்தது அந்த இரண்டாவது வகைதான். வழக்கறிஞரிடம் கேளுங்கள் அம்மா என்பதற்குமேல் எதுவும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அந்தச் சட்டை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

ஆதாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொன்னால் கதையில் விறுவிறுப்பு இருக்காது என்று நீங்கள் நினைக்கலாம். சன்னி ஆங் வழக்கைப் படித்துப் பாருங்கள். 1963 ஆகஸ்ட் 27, சிஸ்டர்ஸ் தீவுகள் பக்கம் கடலில் முக்குளிக்கப் போன இளம்பெண் மேலே வரவே இல்லை. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் அவர் பெயரில் பல காப்பீடுகள் இருந்தன. காலாவதியாகியிருந்த ஒன்று, கடலுக்குப் போன அன்று காலையில்தான் நீட்டிக்கப்பட்டிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கடலடியிலிருந்து நீச்சல் துடுப்பு ஒன்று எடுக்கப்பட்டது. குதிகாலைப் பிடிக்கும் அதன் வார் வெட்டுப்பட்டிருந்தது. அவரைக் கடலுக்கு அழைத்துப்போன காதலர் சன்னி ஆங்கை 1965ல் ஜூரி குற்றவாளி என்றது, 1967ல் தூக்கு. உடல் இல்லாமலும் சிங்கப்பூரில் கொலையை நிரூபிக்க முடியும் என்று காட்டிய முதல் வழக்கு அது. அந்த வாரைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதுகு சிலிர்த்தது. யாரும் அழுதுகாட்டவில்லை, இசையும் போடவில்லை. ஒரு வாரும் ஒரு தேதியும்தான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், கொஞ்சம் கசப்பானது. குற்றவாளி என்று தயங்காமல் சொல்லக்கூடிய இடத்தில் ஏன் நம் குரல் இறங்கிவிடுகிறது? பிஷானில் நம் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் வேலை செய்த மியன்மார் பணிப்பெண். 2015ல் வந்தபோது 39 கிலோ. 14 மாதம் கழித்து, 2016 ஜூலையில் இறந்தபோது 24 கிலோ. வயதும் 24தான். ஊரில் அவருக்குச் சின்ன வயதில் ஒரு பிள்ளை. நடந்தது வீட்டுக் கேமராவிலேயே பதிவாகியிருந்தது. முதலாளியம்மா 28 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். கொலைக் குற்றச்சாட்டு, மரணம் விளைவித்த குற்றமாகக் குறைக்கப்பட்டது. 2021 ஜூனில் 30 ஆண்டுச் சிறை. இங்கே ஆதாரம் இருக்கிறது, ஒப்புதல் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. ஆனால் நான் கேட்டவரையில் தமிழில் இதை முழுதாக யாரும் சொல்லவில்லை. சொன்ன ஒருவரும் "ஒரு குடும்பம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். நிரூபணமாகாத 1984ஐ வாழையிலை போட்டுப் பரிமாறுகிறோம், நிரூபணமானதைத் தொட மாட்டேன் என்கிறோம். தமிழ் வீடுகளில் இன்றும் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒருநாளாவது ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும், அந்த நாளுக்குப் பதில் காசு கொடுக்கக் கூடாது என்ற விதி 2023 ஜனவரியிலிருந்து நடப்பில் இருப்பதை எத்தனை வீடுகளில் தெரிந்து வைத்திருக்கிறார்கள்? அதைச் சொல்ல உங்களைவிட யாருக்கு வசதி இருக்கிறது? உங்கள் குரல் சமையலறை வரை போகிறது.

1986 மே 14 அன்று காணாமல்போன 12 வயதுச் சிறுவர்கள் இரண்டு பேரைப் பற்றியும் பேசுகிறீர்கள். பேசுங்கள், மறந்துபோகக் கூடாத பிள்ளைகள். ஒரு லட்சம் வெள்ளி சன்மானம் அறிவித்தும் தகவல் வரவில்லை. ஆனால் கடைசியில் "உங்க தியரி என்ன, கமெண்ட்ல சொல்லுங்க" என்று முடிக்காதீர்கள். அங்கே யார் யாரையோ கொலைகாரர் ஆக்குகிறார்கள், உயிரோடு இருக்கும் உறவினர்களையும்கூட. உண்மையிலேயே ஏதாவது தெரிந்தவர் இருந்தால் சொல்ல வேண்டிய இடம் போலீஸ், 1800-255-0000. கொலை பற்றித் தெரிந்தும் தகுந்த காரணமின்றிச் சொல்லாமல் இருப்பது நம் சட்டத்தில் குற்றம். தியரி கேட்கும் இடத்தில் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

கேட்க மட்டும் வரவில்லை, தரவும் வந்திருக்கிறேன். பழைய நாளிதழ்கள், தமிழ் முரசு உட்பட, தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் இருக்கின்றன. எப்படித் தேடுவது என்று காட்டுகிறேன். தீர்ப்பை எப்படி வாசிப்பது, எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் என்று உங்கள் எழுத்துப்படியோடு உட்கார்ந்து பார்க்க எனக்கு நேரம் இருக்கிறது, காசு வேண்டாம். சனிக்கிழமை காலைகளில் விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் தமிழ் நூல்கள் இருக்கும் பக்கத்தில் இருப்பேன். முதலில் வருகிறவர், அந்த 1984 நிகழ்ச்சியின் தலைப்பை மாற்றிவிட்டு வாருங்கள். அந்த வாழையிலைப் படத்தையும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர்
செங்காங்