பழுது துப்பாக்கியிலா, பிடியிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சுடும்போது பிஸ்டல் சிக்கிக்கொண்டால் உடனே ‘பழுதான துப்பாக்கி’ என்று செய்தி போட்டுவிடுகிறீர்கள். ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவன் நான். பல நேரம் கோளாறு பிடிக்கிற கையில்தான்.

மேற்கு வங்கத்தின் இஷாபூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாராகும் 9 எம்.எம். பிஸ்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். சுட்டதும் ஸ்லைடு, அதாவது மேலே நகரும் பாகம், பின்னால் ஓடி, காலித் தோட்டாவை வெளியே தள்ளி, திரும்பும்போது அடுத்த ரவுண்டை, அதாவது புதுத் தோட்டாவை, ஏற்றும். மணிக்கட்டு தொளதொள என்று இருந்தால் மொத்தத் துப்பாக்கியும் கூடவே பின்னால் போகும். ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது. காலித் தோட்டா ஸ்லைடு இடுக்கில் மாட்டிக்கொண்டு குத்திட்டு நிற்கும். பையன்கள் ஸ்பிரிங்கைத் திட்டுவார்கள். அதே பிஸ்டலைப் பழகியவரிடம் கொடுங்கள், சமர்த்தாகச் சுடும்.

அப்புறம் மேகசின், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டி. ‘க்ளிக்’ என்று பூட்டும்வரை உள்ளங்கையால் தட்டி ஏற்ற வேண்டும். அரைகுறையாக நின்றால், இந்த ரகத்தில் டிரிகரை இழுத்தும் பயனில்லை. மேகசின் இல்லாமல் சுடாதபடி செய்த ஏற்பாடு அது. ஸ்லைடை இழுத்தால் சட்டென்று விட்டுவிட வேண்டும். கையோடு மெதுவாகக் கொண்டுபோய் மூடுவது சரியில்லை, ரவுண்டு முழுசாக ஏறாது.

தண்டையார்பேட்டையில் போலீஸ் வேலைக்குத் தயாராகும் பிள்ளைகள் உங்கள் பேப்பரைத்தான் படிக்கிறார்கள். இதையும் எழுதுங்கள்: டிரிகரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலைத் திருப்பி எட்டிப் பார்க்கக் கூடாது. விரலை எடுத்துவிட்டு, இலக்கை நோக்கியே அரை நிமிடம் பிடித்திருங்கள். தோட்டா தாமதமாகவும் வெடிக்கும்.

– ஓய்வுபெற்ற காவலர், தண்டையார்பேட்டை