செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: யானைமலையும் மூன்று ஊசித்துளைப் பெட்டிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் என் பணிவான வணக்கம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான நம் புகைப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் பத்து நடந்தன. சித்திரைத் திருவிழாவால் ஒன்றும் மழையால் ஒன்றும் நின்றுபோயின. ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாளன்று வழக்கம்போல் கண்காட்சி வைத்தோம். கீழக்குயில்குடி சமணர்மலைக்கு ஒரு நாள் பயணம் போய்வந்தோம். பள்ளி மாணவர்களுக்கான போட்டி இந்த ஆண்டு நடைபெறவில்லை.

இனி, லென்ஸுக்குப் பதிலாக ஊசியளவு துளை வழியே ஒளியை விட்டுப் படம் எடுக்கும் ஊசித்துளைக் கேமராத் திட்டம். "ஒரு மரப்பெட்டிக்கு இவ்வளவு செலவா?" என்று செயற்குழுவில் மூன்று முறை கேட்கப்பட்டது. நேரில் சொன்ன பதில் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. எழுத்தில் இருக்கட்டும் என்று விரிவாகவே பதிவு செய்கிறேன்.

1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரைக்கு வந்தார். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் அரண்மனை இவற்றோடு யானைமலையையும் எடுத்தார். ஃபிலிம் இல்லாத காலம் அது. மெழுகேற்றிய பெரிய தாள்தான் அவருக்கு நெகட்டிவ், அதாவது ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதியும் மூலப்படம். அந்தப் படங்களைப் பார்த்த நாளிலிருந்து, அதே மலையை நாமும் தாள் நெகட்டிவிலேயே எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டு. அவரிடம் லென்ஸ் இருந்தது. அவ்வளவு பெரிய தாளுக்கான லென்ஸ் வாங்க நம்மிடம் வசதியில்லை. லென்ஸே வேண்டாத வழி ஊசித்துளை.

ஆசாரியிடம் சொல்லி ஒட்டுப்பலகையில் மூன்று பெட்டிகள் செய்தோம். எட்டுக்குப் பத்து அங்குல போட்டோத் தாள் வெட்டாமல் அப்படியே உள்ளே நிற்கும். தாளுக்கும் துளைக்கும் இடையே 250 மில்லிமீட்டர். அந்தத் தூரத்துக்குத் துளை 0.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பெரிதானால் படம் மங்கும். சிறிதானாலும் ஒளி ஓரத்தில் வளைந்து மங்கத்தான் செய்யும். மெல்லிய பித்தளைத் தகட்டில் ஊசி நுனியை லேசாக அழுத்தி, பின்புறம் புடைத்ததை உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி அழுத்தி, மறுபடி தேய்த்து, கடைசியில்தான் துளை திறக்கும். பிசிறு இருக்கக் கூடாது. ஸ்கேனரில் அங்குலத்துக்கு 2400 புள்ளி (டிபிஐ) வைத்துப் பார்த்தால் துளையின் குறுக்கே 66 புள்ளி வர வேண்டும். பதினொரு தகடுகளில் மூன்றுதான் தேறின. அந்த மூன்றும்தான் இன்று பெட்டிகளில் இருக்கின்றன.

தூரத்தைத் துளையின் அளவால் வகுத்தால் வருவது எஃப் எண்; அது கூடக் கூட உள்ளே வரும் ஒளி குறையும். கணக்குப் பார்த்தால் இது ஏறத்தாழ எஃப் 355. செல்போனில் உள்ள ஒளி அளக்கும் மீட்டரில் தாளின் வேகத்தை (ஐஎஸ்ஓ) 6 என்று வைத்து, எஃப் 22-க்கு அது காட்டும் நேரத்தை 256-ஆல் பெருக்கினால் போதும். உச்சி வெயிலுக்கு ஒன்றரை நிமிடம் அளவில் வரும். காலை ஏழு மணி வெயிலுக்கு ஐந்தாறு நிமிடம். வியூஃபைண்டர் கிடையாது. பெட்டியின் மேல்பலகையில் அடித்த ஆணிகளின் நேர்கோட்டில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். ரசமட்டம் வைக்காமல் பெட்டியை அண்ணாந்து திருப்பினால் மலை பின்னால் சாய்ந்து விழுவதுபோல வரும். துளையை மூடிய கறுப்பு டேப்பை எடுப்பதும் ஒட்டுவதும்தான் ஷட்டர்.

2025 ஏப்ரல் 27 ஞாயிறு. ஏப்ரல் கடைசி ஞாயிறு உலக ஊசித்துளைப் புகைப்பட நாள். 2001-லிருந்து கொண்டாடுகிறார்கள். அன்று யானைமலை அடிவாரத்தில் நரசிங்கம் பக்கம் போனோம். முதல் நாள் நான்கு தாள்களில் ஒரு மூலையில் வால்நட்சத்திரம்போலக் கறுப்புக் கீற்று. இரண்டாவது பெட்டியின் பின்மூடியில் ஒளி புகாதபடி ஒட்டிய வெல்வெட் பெயர்ந்திருந்தது. சரிசெய்தோம். ஆடியில் போனபோது, அம்மியே பறக்கும் காற்றில் பெட்டி பாய்மரமாகிவிட்டது. அரிசிச் சாக்கில் மணல் நிரப்பி முக்காலியில் தொங்கவிட்ட பிறகுதான் நின்றது.

தாளுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறோம். அதே காரணத்தால் மலையடிவாரத்துச் செம்மண் கறுத்து விழுகிறது. நீலத்தைத் தாள் அதிகமாகவே உறிஞ்சும். வானம் வெள்ளைத் துணி விரித்ததுபோலத்தான் வரும். டிரைப்புக்கும் இதே சிக்கல். அவர் நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகம் சேர்த்தார். நாம் சேர்க்கவில்லை. மஞ்சள் ஃபில்டர் வைத்து, தாளில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனமான டெவலப்பரையும் தண்ணீர் கலந்து பயன்படுத்தியதில் பாறையின் மடிப்புகள் ஓரளவு பிடிபட்டன.

செப்டம்பரில் எடுத்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்மாய்க் கரையில் பெட்டியை வைத்து டேப்பை எடுத்தேன். ஆடு மேய்க்கும் அப்பத்தா ஒருவர் வந்து, "பொட்டிக்குள்ள என்ன தம்பி வச்சிருக்கீக?" என்று கேட்டுவிட்டு, பனைமரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஆறு நிமிடமும் அவர் அசையவில்லை. இருபது ஆடுகளும் சும்மா நிற்கவில்லை. நெகட்டிவைப் புதுத் தாளின் மேல் ஒட்ட வைத்து கான்டாக்ட் பிரின்ட் போட்டுப் பார்த்தபோது மலை இருந்தது, பனை இருந்தது, அப்பத்தாவின் சேலை மடிப்புகூட இருந்தது. ஆடுகள் மட்டும் இல்லை. தரையோடு ஒரு வெண்புகை. பனையோலை நுனிகள் கலங்கிக் கிடக்க, கண்மாய்த் தண்ணீர் கண்ணாடித் தகடாகிவிட்டது. அடுத்த வாரம் பிரின்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "நான் இருக்கேன், மலை இருக்கு. என் உருப்படிகளை எங்க தம்பி?" என்றார். போனில் ஒரு நொடியில் எடுப்பதற்கு இவ்வளவு பாடா என்று கேட்ட நண்பர்கள், பின்சுவரில் இரண்டாவதாக மாட்டியிருக்கும் அந்தப் படத்தை இன்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்டு முழுவதும் 46 தாள்கள் செலவாயின. தேறியவை 17. வீணான ஒவ்வொரு தாளையும் தேதி, நேரம், பெட்டி எண் போட்டு வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

அடுத்து, மனக்குறையோடு ஒன்று. ஏப்ரல் 27-க்குப் பெயர் கொடுத்தவர்கள் பதினான்கு பேர். அத்தனை பேருக்கும் இடமிருக்கட்டும் என்று வேன் பேசினோம். காலை ஐந்தரைக்கு வந்து நின்றவர்கள் ஐந்து பேர். வேன் வாடகை முழுதாகக் கொடுத்தோம். வர முடியாதது யாருக்கும் நேரும். முதல் நாள் இரவு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு கார்களில் போயிருப்போம். அதற்குப் பின் நடந்த ஏழு பயணங்களில் நானும் இளைய உறுப்பினர் இருவரும் மட்டுமே போனோம். அந்த இருவரும் கல்லூரி மாணவர்கள். பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒத்தக்கடைக்கு வந்தவர்கள். அவர்கள் இல்லையென்றால் இந்தத் திட்டமே இல்லை.

சந்தா விஷயம் இதைவிட வருத்தமானது. 41 உறுப்பினர்களில் மார்ச் இறுதிவரை சந்தா கட்டியவர்கள் 23. மூன்று ஆண்டுப் பாக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களில் சிலர் கண்காட்சியில் படம் வைத்தவர்கள். பெயர்களை வாசிக்கப் போவதில்லை. ஆனால் பாக்கி முழுவதும் வந்திருந்தால் தாள், ரசாயனம், ஆசாரி கூலி எல்லாம் போக மீதமே நின்றிருக்கும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டிரைப்பின் பதவியை 1860-இல் அரசு செலவைக் காட்டித்தான் மூடியது. அதோடு அவருடைய பணியும் இங்கே முடிந்துபோனது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வைப்பார். சுருக்கமாகச் சொன்னால், கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. கண்காட்சி வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாகிவிட்டன. ஊசித்துளைத் திட்டத்தில் ஒரு பகுதியை நானே போட்டிருக்கிறேன். அதைத் திருப்பித் தரக் கோரவில்லை.

நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கண்காட்சிக்கு மண்டபம் தந்தவர்களுக்கும், அழைப்பிதழைச் சலுகை விலையில் அடித்துத் தந்த அச்சகத்தாருக்கும், கணக்கைத் தணிக்கை செய்த மூத்த உறுப்பினருக்கும் நன்றி. தம் வீட்டு மாடிக் குளியலறையை நான்கு ஆண்டுகளாக நமக்கு இருட்டறையாகத் தந்திருக்கும் தலைவர் ஐயாவுக்குத் தனி நன்றி. மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும்போது, டெவலப்பரை 20 டிகிரிக்குக் கொண்டுவர ஐஸ் கட்டி போட்டுத் தந்த அவர் வீட்டு அம்மாவுக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஜூன் மாதம் தலைவர் ஐயாவின் மகன் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறார். மாடி அவர்களுக்குத் தேவைப்படும். அதற்குள் ஆறடிக்கு எட்டடியில், தண்ணீர் வரத்துள்ள, ஜன்னலை அடைக்கக்கூடிய ஓர் அறை கிடைத்தால் வேலை தொடரும். யார் வீட்டிலாவது பூட்டிக் கிடக்கும் அறை இருந்தால் நானே வந்து சுத்தம் செய்து, ரசாயனம் தரையில் படாதபடி ரப்பர் விரிப்பும் போட்டுத் தருகிறேன். செயலாளர் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்க முன்வந்தாலும் மகிழ்ச்சியே. பெட்டிகளையும் பதிவேட்டையும் அன்றே ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் இன்னும் ஓராண்டு பார்க்கிறேன்.

பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே உட்கார்ந்திருக்கிறார். பெட்டிகள் மூன்றும் என் வீட்டில் இருக்கின்றன. உறுப்பினர் யார் கேட்டாலும் எடுத்துப் போகலாம். சனிக்கிழமை மாலைக்குள் சொல்லிவிட்டால் தாள் போட்டு, டேப் ஒட்டித் தயாராக வைத்திருப்பேன். ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஒத்தக்கடை பேருந்து நிறுத்தத்தில் இருப்பேன்.

இவண்,
செயலாளர்