சுட்டவன் ஒருவன், தூக்கில் தொங்கியவன் வேறொருவன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணம் ஏற்றிச் செல்லும் வண்டியைக் கொள்ளையடிக்க வந்து காவலரைச் சுட்டுக் கொல்பவர்களைத் தூக்கில் போட வேண்டும், தென்னாப்பிரிக்காவில் மரண தண்டனை திரும்ப வர வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. என் அண்ணன் மகன் இங்கே டர்பனில் காவல்துறையில்தான் இருக்கிறான். அவனுக்கு இரவுப் பணி என்றால் அண்ணிக்கு விடியும்வரை தூக்கம் கிடையாது. ஆனாலும் அந்த வாசகர் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டெரெக் பென்ட்லியின் கதை தெரிந்த யாராலும் ஏற்க முடியாது என்றே நினைக்கிறேன்.

1952 நவம்பர் 2 இரவு, லண்டனை ஒட்டிய குராய்டனில் ஒரு கிடங்கில் திருடுவதற்காக இரண்டு பேர் கூரை மேல் ஏறினார்கள். கிறிஸ்டோபர் கிரெய்குக்கு வயது 16, கையில் துப்பாக்கி. பென்ட்லிக்கு 19. எழுதப் படிக்கத் தெரியாதவன். அறிவு வளர்ச்சி பதினோரு வயதோடு நின்றுபோனவன். ஃபேர்ஃபாக்ஸ் என்ற காவலர் முதலில் ஏறிப்போய் பென்ட்லியைப் பிடித்தார். கிரெய்கு சுட்டதில் அவருக்குத் தோளில் காயம். சுமார் கால் மணி நேரம் கழித்து, படிக்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு கூரைக்கு வந்த காவலர் சிட்னி மைல்ஸ் தலையில் குண்டு பாய்ந்து அங்கேயே இறந்தார். அப்போது பென்ட்லி காவலரின் பிடியில் இருந்தான். தப்பி ஓட அவன் முயலவும் இல்லை.

சுடச் சொல்லி பென்ட்லி கத்தினான் என்று காவலர்கள் சாட்சி சொன்னார்கள். கிரெய்கு, பென்ட்லி இருவருமே அதை மறுத்தார்கள். 18 வயது ஆகாதவரைத் தூக்கிலிட அந்நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை, அதனால் சுட்டவன் சிறைக்குப் போனான், பத்து ஆண்டுகளில் வெளியே வந்தான். கருணை காட்டும்படி ஜூரிகளே கேட்டுக்கொண்ட பென்ட்லியை 1953 ஜனவரி 28 அன்று தூக்கிலிட்டார்கள். குற்றம் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை! அவன் சகோதரி ஐரிஸ் வாழ்நாள் முழுக்கப் போராடினார். நீதிபதி ஜூரிகளுக்குச் சொன்ன விளக்கமே நியாயமான விசாரணையைக் கெடுத்துவிட்டது என்று 1998 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. அதைக் கேட்க ஐரிஸ் உயிரோடு இல்லை, அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

இங்கிலாந்துக் கதை நமக்கெதற்கு என்று அந்த வாசகர் கேட்கலாம். நம் நாட்டிலும் 'பொது நோக்கம்' என்ற கோட்பாடு இருக்கிறது. கூட்டத்தில் ஒருவன் கொன்றால், அவனோடு ஒரே நோக்கத்தில் நின்றவர்கள் மீதும் அந்தக் கொலைக்குற்றம் விழும். ஷார்ப்வில் ஊரில் ஒரு கூட்டம் ஒருவரைக் கொன்ற வழக்கில், 'ஷார்ப்வில் அறுவர்' எனப்பட்ட ஆறு பேருக்கு 1985இல் தூக்குத் தண்டனை கிடைத்தது இப்படித்தான். அவர்களின் கையால்தான் மரணம் நேர்ந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. உலகமே குரல் கொடுத்த பிறகு 1988இல்தான் அது சிறைத்தண்டனையாக மாறியது. அந்தக் கோட்பாடு செல்லும் என்று அரசமைப்பு நீதிமன்றம் 2003இலும் உறுதிசெய்திருக்கிறது.

பிரிட்டோரியா சிறையில் கடைசியாகத் தூக்கிலிட்டது 1989 நவம்பரில். 1995 ஜூன் 6 அன்று அரசமைப்பு நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாக மரண தண்டனையை ஒழித்தார்கள். அவர்கள் முன் இருந்ததும் கொள்ளையும் நான்கு கொலைகளும் சேர்ந்த வழக்குதான். கொடுமை தெரியாமல் இரக்கப்பட்டு எழுதிய தீர்ப்பு அல்ல அது.

காவலரைக் கொன்றவன் பிடிபட வேண்டும், நீண்ட காலம் உள்ளே கிடக்க வேண்டும். அதற்குத் தடயங்களைப் பத்திரமாகச் சேகரிக்கும் விசாரணையும், பயமில்லாமல் சாட்சி சொல்லப் பாதுகாப்பும் வேண்டும். என் அண்ணன் மகனும் அவனோடு வேலை செய்பவர்களும் அரசிடம் கேட்பது இதைத்தான். கொள்ளைக் கும்பலுக்குக் கார் ஓட்டிய பத்தொன்பது வயதுப் பையனையும் தூக்கிலிடலாமா என்பதற்கு அந்த வாசகர் அடுத்த இதழில் பதில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்