செயலாளரின் ஆண்டறிக்கை 2025: குப்பையை நிறுத்துப் பார்த்த வருடம்

தலைவர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, மாதர் கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர்களே, ஊர் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நிர்வாகசபை மாதந்தோறும் தவறாமல் கூடியது. வாசிகசாலைக் கூரை திருத்தியாயிற்று, மயானப் பாதைச் சிரமதானமும் முடிந்தது. செலவு விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். நான் குப்பையைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். சங்கம் இந்த வருடம் எடுத்த வேலைகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது அதுதான். இன்னும் பாதியில் நிற்பதும் அதுதான்.

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தபின் உள்ளூராட்சி மன்றங்கள் உறுப்பினர்கள் இல்லாமலே இயங்கின. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு புதியவர்கள் வந்ததும், நாங்கள் ஐந்து பேர் பிரதேச சபைக்குப் போனோம். ஒரே ஒரு கேள்விதான் கொண்டுபோனோம்: எங்கள் பக்கத்தில் இருந்து மாதம் எவ்வளவு குப்பை போகிறது, அதில் எவ்வளவு மீள்சுழற்சிக்குப் போகிறது? மரியாதையாக இருத்திப் பேசினார்கள், பதிவுக் கொப்பியையும் திறந்து காட்டினார்கள். அதில் இருந்தது லோட் கணக்கு. உழவு இயந்திரப் பெட்டி நிரம்பி வழிந்தாலும் ஒரு லோட், அரைப்பெட்டி என்றாலும் ஒரு லோட். எடைப்பாலம் இல்லாத இடத்தில் அவர்களும் வேறு எப்படி எழுதுவார்கள்? குப்பை அகற்றுவது பிரதேச சபையின் கடமை என்று 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் நிறுக்காத குப்பை கூடுகிறதா குறைகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, ஒரு ஒழுங்கையையாவது நாங்களே நிறுத்துப் பார்ப்போம் என்று தீர்மானித்தோம். நெல் நிறுக்கிற தராசை உறுப்பினர் ஒருவர் இரவல் தந்தார். வெள்ளிக்கிழமை காலையில் சேர்ப்பது, நிறுப்பது, எழுதுவது என்று ஒழுங்கு.

ஐப்பசியில் ஒரு வெள்ளி. இரவு பெய்த மழையில் வேலியோரம் கிடந்த உரப்பை ஒன்றைத் தூக்கி வைத்தோம். உள்ளே காட்போட் மட்டையும் பேப்பரும் கொஞ்சம் போத்தலும். 13 கிலோ காட்டியது. பிறகு வெயில் எறித்தது. எல்லாவற்றையும் சீமெந்து நிலத்தில் பரப்பிவிட்டு, பின்னேரம் அள்ளி மறுபடி நிறுத்தோம். 8 கிலோ! பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர், "இது ஈரநெல்லு மாதிரியெல்லோ தம்பி" என்றார். அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு நெல் கொண்டுபோனால் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று நமக்கெல்லாம் தெரியும். காலபோகம், சிறுபோகம் என்று காலங்காலமாக ஈரமும் பதரும் பார்த்து நிறுத்த ஊர் இது. குப்பைக்கு மட்டும் ஏன் அந்தக் கவனம் வேண்டாம்? அன்று தொடக்கம் நனைந்ததைக் காயவைத்தே நிறுக்கிறோம்.

பதரும் இருந்தது. வவுனியாவில் இருந்து பழைய சாமான் எடுக்க வரும் லொறிக்காரர், நாங்கள் பிரித்து வைத்ததில் ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டார். எண்ணெய் பிடித்த போத்தல், சேறு ஒட்டிய பொலித்தீன், சோறு காய்ந்த பெட்டி. அதுவரை வீடுகள் பிரித்துத் தந்த முழுவதையும் 'மீள்சுழற்சி' என்று எழுதி வந்தோம். அது பிழை. இப்போது கொப்பியில் 'வீடு பிரித்தது', 'லொறி எடுத்தது' என்று இரண்டு நிரல் இருக்கிறது. இரண்டாவதைத்தான் வெளியில் சொல்வோம்.

ஆவணித் திருவிழாவுக்கு லண்டனில் இருந்து வந்திருந்த நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தியிடம் இதைக் காட்டினேன். "மாமா, அங்கயும் எதைக் கணக்கில சேர்க்கிறதெண்டு பிரச்சினைதான்" என்று சிரித்தாள். பிரித்தானியாவில் உள்ளூராட்சி மன்றங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குப்பைக் கணக்கை 'வேஸ்ட் டேட்டா ஃப்ளோ' என்ற பொதுப்பதிவில் ஏற்றுகின்றன. 2004இல் இருந்து இது நடக்கிறது. எல்லாம் எடைக்கணக்கு. பிரிக்கும் இடத்தில் ஒதுக்கப்பட்டதைக் கழித்துவிட வேண்டும். இங்கிலாந்தில் வீட்டுக் குப்பையில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 44 மீள்சுழற்சிக்குப் போகிறது. பக்கத்தில் வேல்ஸில் 65ஐத் தாண்டிவிட்டது. 2024-25இல் 70ஐத் தொட வேண்டும் என்று அங்கே சட்டமே உண்டு. ஆனாலும் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. குப்பை எரித்த சாம்பலை வீதி வேலைக்கு எடுத்தால் வேல்ஸ் அதையும் சேர்க்கும். இங்கிலாந்து சாம்பலில் இருந்து பொறுக்கிய உலோகத்தை மட்டும் சேர்க்கும்.

இன்னொன்றும் கேட்டு யோசித்தேன். தோட்டத்துக் குழையை மன்றம் வந்து ஏற்றிப்போய்க் கூட்டெரு ஆக்கினால் அங்கே அது கணக்கில் வரும். வீட்டுக்காரர் தன் வளவிலேயே கூட்டெரு போட்டால் வராது. நம் ஊருக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. வன்னியில் கறிக்காய்த் தோல் மாட்டுக்குப் போகிறது, மிஞ்சிய சோறு கோழிக்குப் போகிறது, கஞ்சல் தென்னம்பாத்திக்குப் போகிறது. வீதிக்கே வராத குப்பைதான் நல்ல குப்பை என்பது என் எண்ணம். ஆகவே 'வளவுக்குள் முடிந்தது' என்று மூன்றாவது நிரல் போட்டோம். அதை நிறுக்க முடியாது, ஒரு சரி அடையாளம் மட்டும். பொலித்தீனைக் கொளுத்துகிற வீட்டுக்கு அந்த அடையாளம் கிடையாது. பொழுதுபடுகிற நேரம் எழும்பும் அந்தப் புகையைச் சின்னப்பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

பொலித்தீன் விடயத்தில் தராசே நம்மை ஏமாற்றிவிடும். நூற்றுக்கணக்கான சொப்பிங் பை சேர்ந்தால்தான் ஒரு கிலோ. நாலு கண்ணாடிப் போத்தல் அதைவிடப் பாரம். லன்ச் ஷீட்டை 2017 செப்டெம்பரில் தடை செய்தார்கள், சின்னச் சஷே பைக்கற்றுகளை 2021 மார்ச்சில். 2025 நவம்பர் முதலாம் திகதியில் இருந்து கடையில் பைக்குக் காசு வாங்குகிறார்கள். இதனால் பை குறைந்ததா என்று எடை சொல்லாது, எண்ணித்தான் பார்க்க வேண்டும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடத்தில் 20 யானைகள் வரை செத்ததாக 2022இல் செய்தி வந்தது. நம் எல்லைக் கிராமங்களிலும் யானை நடமாட்டம் உண்டு.

டித்வா புயல் வெள்ளத்தில் மூன்று கிழமை நிறுக்கவில்லை. அந்த இடத்தைக் கொப்பியில் வெறுமையாக விட்டிருக்கிறோம். பூச்சியம் போட்டால் குப்பையே இல்லை என்று ஆகிவிடும்.

அப்புறம், குப்பை ஏற்ற வரும் தொழிலாளி ஒருவருக்கு உடைந்த குழல்விளக்கு வெட்டி உள்ளங்கையில் நாலு தையல் போட்டார்கள். அந்தப் பை நமது ஒழுங்கையில் இருந்து போனது. நாங்கள் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். உடைந்த கண்ணாடியைப் பத்திரிகையில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதி, வேறாக வையுங்கள்.

பிரதேச சபைக்கு ஒரு தராசு வேண்டும் என்று கோரிக்கைக் கடிதம் எழுதியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒப்பமிட்டுவிட்டுப் போங்கள். தை மாதத்தில் இருந்து பின் ஒழுங்கையும் சேர்கிறது. அங்கே நிறுத்து எழுத, கணக்குப் பிசகாத இரண்டு பிள்ளைகள் தேவை. விருப்பமானவர்கள் என்னிடம் பெயரைத் தாருங்கள்.

நன்றி.
செயலாளர்