37 வருஷத்துப் பொய்

வாணியம்பாடி,
16.12.2023

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். தீபாவளிக்கே எழுதியிருக்க வேண்டும்; திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எதிர்வீட்டுக் கோலத்தில் புள்ளி தவறுவதெல்லாம் தெரிகிறதாம்.

விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை ராத்திரி ஜெமினிட் எரிநட்சத்திர மழை பார்க்க ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். காவலூர் தாண்டி, சாமை அறுத்த ஒரு கொல்லையில் பாயை விரித்து மல்லாந்து படுத்தேன். முந்தின நாள்தான் அமாவாசை, நல்ல கும்மிருட்டு. அரை மணியில் பாய் பனியில் நனைந்துவிட்டது. என் மங்கி குல்லாவை நினைத்து நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

முதலில் நாலைந்துதான் விழுந்தன. இவை கிளம்பி வருவதுபோலத் தெரியும் மிதுன ராசி உச்சிக்கு ஏறியதும் பிடித்துக்கொண்டது பார்! ஒன்றிலிருந்து இரண்டு மணிக்குள் 61. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒன்று ரோகிணி நட்சத்திரத்துப் பக்கமாகப் பச்சையாகக் கிழித்துக்கொண்டு போனது. அது போன தடம் ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றது. இத்தனைக்கும் வந்து மோதுவது மணல் அளவுத் துணுக்குதான். நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் உரசி, சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்துபோகிறது. பெரும்பாலும் வால் நட்சத்திரம் உதிர்த்த தூசுதான் இப்படி விழும். ஜெமினிட் தூசோ ஃபேத்தான் என்ற விண்பாறை உதிர்த்தது. அதையே 1983இல்தான் கண்டுபிடித்தார்கள்.

வால் நட்சத்திரம் என்றதும் உனக்கு எது ஞாபகம் வரும் என்று தெரியும். நம்ம ஹாலி போன சனிக்கிழமைதான், 9ஆம் தேதி, நெப்டியூனுக்கும் அப்பால் தன் பாதையின் கடைக்கோடியைத் தொட்டது. 1986இலிருந்து விலகிப் போய்க்கொண்டே இருந்தது, இப்போது திரும்புகிறது. அந்தக் குளிரில் படுத்துக்கொண்டு இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறோம் என்று சொல்லி உங்கள் மொட்டை மாடியில் படுத்தோமே. விடிந்ததும் உன்னை எழுப்பி, வால் இத்தனை நீளம் என்று கையை விரித்துக் காட்டினேன். நான் பார்க்கவில்லை, சேகர். நானும் தூங்கிவிட்டேன். எழுப்பவில்லையே என்று நீ அழுததும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் மூர்த்தி சார் வேறு வகுப்பில் எழுப்பிப் பேச வைத்துவிட்டார். உன் கல்யாணப் பந்தியில்கூட நீ அதைச் சொல்லிப் பொருமினாய். பாயசம் தொண்டையில் இறங்கவில்லை எனக்கு.

2061இல் அது வரும்போது நமக்கு வயது 90. அதை நம்பி உட்கார முடியாது. ஹாலி விட்டுப்போன தூசு வருஷா வருஷம் மே முதல் வாரத்தில் விழுகிறது, விடியற்காலை மூன்று மணிக்கு மேல். லீவு போட்டுவிட்டு வா. பாய் என் பொறுப்பு. நான் தூங்கினால் கிள்ளு.

உன்,
ராமு

பி.கு.: கமலாவிடம் இதைச் சொல்லித் தொலைக்காதே.