கூடும் இடத்தை முதலில் பார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. குண்டு மிரட்டல் வந்தால் என்ன செய்வது என்று தீயணைப்பு வீரர்களையும் அலுவலக ஊழியர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்கப் போகிறாய் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். குண்டுப் படங்களைக் காட்டிப் பாதிப் பொழுதைக் கழித்துவிடாதே. வீட்டில் செய்த குண்டு பை, டப்பா, பொட்டலம் என்று எந்த உருவத்திலும் வரும். ஓர் அறையில் இருக்கக் கூடாத பொருள் எது என்று தினமும் அங்கே உட்காருபவருக்குத்தான் தெரியும். தேடுவதை அவர்களிடம் விடு. தொடுவதை மட்டும் யாருக்கும் விடாதே. அருகில் நின்றுகொண்டு வாக்கிடாக்கியோ செல்போனோ பயன்படுத்தவும் கூடாது.

மிரட்டல் போனை எடுப்பவர் மேசையில் ஒரு தாள் ஒட்டியிருக்கட்டும்: எப்போது வெடிக்கும், எங்கே இருக்கிறது, பார்க்க எப்படி இருக்கும். பதிலைச் சொன்னது சொன்னபடி எழுத வேண்டும், பின்னால் கேட்கும் சத்தம் உட்பட. எதிராளி வைத்துவிட்டாலும் இவர் ரிசீவரை வைக்காமல், வேறு போனில் தகவல் சொல்ல வேண்டும்.

1996 ஜூலை 27, அட்லாண்டா ஒலிம்பிக் பூங்கா. முப்பது நிமிடத்தில் குண்டு வெடிக்கும் என்று போனில் மிரட்டியவன் சொன்னான். அவசர அழைப்பு மையத்தின் கணினியில் பூங்காவின் முகவரி இல்லை. அதைத் தேடியே நிமிடங்கள் கரைந்தன. சொன்ன நேரத்துக்கு முன்பே குண்டு வெடித்தது. பெஞ்சடியில் கிடந்த பையை ஒரு காவலர் கவனித்து, ஆட்களை நகர்த்தத் தொடங்கியிருந்ததால்தான் பலர் பிழைத்தார்கள். உன் கட்டடத்தின் ஒவ்வொரு வாசலும் அவசர அழைப்பு மையத்தில் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இப்போதே கேட்டு வை.

தூரத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கணக்குப்படி, 2.3 கிலோ குழாய்க்குண்டுக்கு 21 மீட்டருக்குள் கட்டடத்திலும் ஆள் இருக்கக் கூடாது. வெட்டவெளியில் நிற்பவர் 366 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும். 23 கிலோ பெட்டிக்குண்டு என்றால் அந்தத் தூரங்கள் 46 மீட்டர், 564 மீட்டர். இடைப்பட்ட தூரத்தில் இருப்பவர்கள் ஜன்னலை விட்டு விலகி உள்ளேயே இருக்கலாம். ஆனால் பலரும் வெளியேற்றிய ஆட்களை வாகன நிறுத்தத்தில் கூட்டுகிறார்கள். 1997 ஜனவரியில் அட்லாண்டா அருகே ஒரு மருத்துவ மையத்தில் இரண்டாவது குண்டு வெடித்தது அப்படிப்பட்ட இடத்தில்தான். உதவிக்கு வந்தவர்கள் காயப்பட்டார்கள். ஆட்களை அனுப்புமுன் கூடும் இடத்தையும் போகும் வழியையும் தேடி முடித்திருக்க வேண்டும்.

பயிற்சியில் ரத்தப்போக்கை நிறுத்துவதற்கு அதிக நேரம் ஒதுக்கு. கை கால் காயத்துக்கு மேலே 5 முதல் 7 செ.மீ. தள்ளி, மூட்டின் மேல் படாமல், இறுக்குப்பட்டை (ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) போட வேண்டும். முறுக்கும் கட்டை இல்லாமல் வெறும் துணியைக் கட்டினால் சிரை (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்) மட்டும் அடைபடும். தமனியில் (இதயத்திலிருந்து ரத்தம் வரும் குழாய்) ரத்தம் பாய்ந்துகொண்டே இருக்கும், ரத்தப்போக்கு இன்னும் கூடும். ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, மணியை எழுதி வைக்க வேண்டும். வலிக்கிறது என்று கத்துவார்கள், அதற்காகத் தளர்த்திவிடாதே. வெடிச்சத்தத்தில் பலருக்குக் காது கேட்காமல் போயிருக்கும். முகத்துக்கு நேரே நின்று, கையசைத்துச் சொல்லிப் பழக்கு.

கட்டட வரைபடத்தை அனுப்பு. நீ குறித்திருக்கும் கூடும் இடத்தைப் பார்த்தபடி எத்தனை கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன என்றும் எண்ணி எழுது.

அன்புடன்,
உன் நண்பன்