கனத்தையின் வரலாற்றை மூன்று மொழிகளிலும் எழுதி வையுங்கள்: கொழும்பு மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாநகர முதல்வர் அவர்களுக்கும் மாநகர சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பொரளைப் பொது மயானம், நாம் எல்லோரும் கனத்தை என்றே அழைக்கும் நிலம், உங்கள் சபையின் பராமரிப்பில் உள்ளது. அதன் மதில்களுக்குள்ளும் அதைச் சூழ்ந்த நாலைந்து வீதிகளிலும் இந்த நாட்டின் கடந்த நூற்றாண்டு வரலாறு செறிந்து கிடப்பதைப் போல் கொழும்பில் வேறெங்கும் இல்லை என்பது, பொரளையில் நெடுங்காலம் வாழ்ந்து அந்த வீதிகளில் நடந்து பழகிய என்னுடைய உறுதியான எண்ணம். அந்த வரலாற்றை அங்கு வரும் எவரும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வாசித்தறியும்படி எழுதி வைக்க வேண்டும். அதில், தமிழர்களுக்கு எதிரான வன்முறை இங்கிருந்து தொடங்கிய 1983 ஜூலை 24ஆம் திகதி மாலை விடுபட்டுப் போகக் கூடாது. இதைக் கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

உங்கள் சபை 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தினால் உருவானது. கனத்தையும் ஏறக்குறைய அந்தக் காலத்துப் பிள்ளைதான். காலிமுகத்திடலை அண்டியிருந்த பிரித்தானியர் காலத்துப் புதைநிலம் கைவிடப்பட்ட பின்னர், அன்றைய நகரின் விளிம்பாக இருந்த பொரளையில் எல்லா மதத்தவர்களுக்குமான பொது மயானமாக இது வளர்ந்தது. காலிமுகத்திடலின் பழைய கல்லறைக் கற்கள் பின்னாளில் இங்கே கொண்டுவந்து நாட்டப்பட்டன. ஆகவே நகரத்தைவிடப் பழைய கற்களும் இந்த மதிலுக்குள் உண்டு என்று சொன்னால், இன்றைய மாநகரத்தைப் பொறுத்தவரை அது மிகையாகாது.

சுற்றுவட்டத்துப் பக்கமாக உள்ளே நுழைந்து நடப்பவர் முதலில் காண்பது மலர்வளையங்களும் வெள்ளைக் கொடிகளும் ஈழத்தலரி மரங்களும்தாம். கொஞ்சம் உள்ளே போனால், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கம், பௌத்தம், இந்து சமயம் என்று பிரிந்து கிடக்கும் பகுதிகளுக்கிடையே மொழிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்பதைக் காணலாம். கத்தோலிக்கப் பகுதியில் ஒரு குடும்பக் கல்லறை இருக்கிறது. அதன் மேல் வரியில் உள்ள பெயர் ஆங்கிலத்தில் வெட்டப்பட்டு, எழுத்துக்குள் ஊற்றிய ஈயம் அங்கங்கே கழன்று போயிருக்கிறது. அதன் கீழே "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று தமிழில் ஒரு வரி. அதற்கும் கீழே, பளபளக்கும் கறுப்புக் கருங்கல் துண்டில், அதே குடும்பப் பெயருடன் சிங்களத்தில் ஒரு பெயர். இந்நகரத்தில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறைகளில் எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குப் போனது என்பதை அந்த ஒரு கல் சொல்லிவிடுகிறது. இப்படிப்பட்ட கற்கள் மழையிலும் பாசியிலும் ஆண்டுதோறும் அழிந்துகொண்டிருக்கின்றன.

அறியப்பட்டவர்களின் கல்லறைகளுக்கும் குறைவில்லை. 1956இல் இலங்கைக்கு வந்து இந்நாட்டையே வீடாக்கிக்கொண்ட அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 2008 மார்ச்சில், எந்தச் சமயச் சடங்கும் வேண்டாம் என்ற அவரது விருப்பப்படியே இங்கு அடக்கம் செய்யப்பட்டார். அவர் கல்லறையைத் தேடி வெளிநாட்டவர்கள் இன்றும் வருகிறார்கள். பத்திரிகையாசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி காலையில் வேலைக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டு இங்கே புதைக்கப்பட்டார். 2016 செப்டெம்பரில் இரண்டாவது மரண பரிசோதனைக்காக அவருடைய உடல் இதே மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. மக்கள் விடுதலை முன்னணியை நிறுவிய ரோகண விஜேவீர 1989 நவம்பரில் படையினரின் பிடியில் இருக்கையில் கொல்லப்பட்டபோது, அவருடைய உடல் இந்த மயானத்தின் தகனசாலையில்தான் எரிக்கப்பட்டது. அவருக்கு ஒரு கல்லும் இல்லை. கல் உள்ளவர்களின் வரலாறு மட்டுமே கனத்தையின் வரலாறு ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி, இந்த மடலின் மையத்துக்கு வருகிறேன்.

1983 ஜூலை 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். அதற்குப் பழியாக மறுநாள் திருநெல்வேலியிலும் கந்தர்மடத்திலும் படையினர் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றனர். அந்தச் செய்தி தெற்கில் அன்று வெளிவரவில்லை. இறந்த 13 பேரையும் அவரவர் ஊர்களுக்கு அனுப்பாமல், 24ஆம் திகதி மாலை கனத்தையில் ஒன்றாக இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்வதென்று அரசாங்கம் முடிவெடுத்தது. மாலை ஐந்து மணிக்கென்று சொல்லப்பட்டது. உடல்களைச் சுமந்த விமானம் இரத்மலானையில் இறங்கியபோதே ஏழு மணி கடந்துவிட்டது. அதற்குள் கனத்தையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தனர். உடல்களை எங்களிடம் தாருங்கள் என்று குடும்பங்கள் கேட்டன. கூட்டத்துக்கும் பொலிஸாருக்கும் இடையே மோதல் மூண்டது. கடைசியில் அடக்கம் கைவிடப்பட்டு, உடல்களைக் குடும்பங்களிடமே ஒப்படைப்பதென்று முடிவாயிற்று. தோண்டிய குழிகள் திறந்து கிடக்க, கூட்டம் இரவு பத்து மணியளவில் பொரளைச் சந்திப் பக்கமாகத் திரும்பியது.

அங்கே இருந்த தமிழர் கடைகள்தாம் முதலில் எரிந்தன. அங்கிருந்து மருதானை, தெமட்டகொடை, நாரஹேன்பிட்டி, கிராண்ட்பாஸ், திம்பிரிகஸ்யாய, வெள்ளவத்தை என்று தீ பரவியது. அடுத்த நாட்களில் நாட்டின் ஏனைய நகரங்களுக்கும் மலையகத்துக்கும் சென்றது. கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி வந்ததைத் தப்பியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இறந்தவர்களின் தொகையை நானூறு என்றும் மூவாயிரம் என்றும் வெவ்வேறாகச் சொல்கிறார்கள். தலைநகரில் பிறந்து வளர்ந்த தமிழர்கள் அகதிகளாகக் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். அன்று போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. இன்று ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் மெல்பேர்னிலும் பரந்து வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் புலம்பெயர்வுக் கதை, அறிந்தோ அறியாமலோ, கனத்தைச் சுற்றுவட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது.

அந்தச் சுற்றுவட்டத்திலிருந்து பேஸ்லைன் வீதி வழியே வடக்கு நோக்கி நடந்தால் சிறிது நேரத்தில் வெலிக்கடைச் சிறைச்சாலையின் உயர்ந்த மதில் வந்துவிடும். 1841இல் எழுந்த சிறை அது. 1915இல் முஸ்லிம்களுக்கு எதிராக வெடித்த கலவரத்தை அடக்க வந்த பிரித்தானிய ஆட்சி, ஹென்றி பேத்ரிஸ் என்ற சிங்கள இளைஞரை அவ்வாண்டு ஜூலை 7ஆம் திகதி அங்கே சுட்டுக் கொன்றது. அன்று சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காகச் சட்ட நிரூபண சபையில் குரல் எழுப்பி, இலண்டன்வரை சென்று வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன். கொக்கோஸ் தீவில் பிரித்தானிய இராணுவத்துக்கு எதிராகக் கிளர்ந்த இலங்கைப் படைவீரர் கிராட்டியன் பெர்னாண்டோ தூக்கிலிடப்பட்டதும் அங்கேதான், 1942 ஆகஸ்ட் 5இல். அதே மதிலுக்குள் 1983 ஜூலை 25ஆம் திகதி 35 தமிழ்க் கைதிகளும், இரண்டே நாள் கழித்து 27ஆம் திகதி மேலும் 18 பேரும் கொல்லப்பட்டனர். டெலோ என்ற தமிழ் ஆயுத இயக்கத்தைச் சேர்ந்த குட்டிமணி, தங்கத்துரை, ஜெகன் ஆகியோர் முதல் நாளிலும், காந்தியம் என்ற சமூகசேவை அமைப்பின் மருத்துவர் இராஜசுந்தரம் இரண்டாம் நாளிலும் இறந்தவர்கள். அரசின் காவலில், பூட்டிய கதவுகளுக்குள், ஒரு முறை நடந்தது மறுமுறையும் நடக்க விடப்பட்டது. பேத்ரிஸின் பெயரால் ஹவ்லொக் நகரில் ஒரு விளையாட்டரங்கு இருக்கிறது. அது அவருக்கு உரிய மரியாதை. இந்த 53 பேருக்கு அந்த மதிலோரம் ஒரு வரிகூட எழுதப்பட்டதாக நான் கண்டதில்லை.

தமிழர் பக்கத்துக் கணக்கை மட்டும் நான் எழுதச் சொல்லவில்லை. கின்சி வீதிப் பக்கமாக நடந்து ரோஸ்மீட் பிளேஸ் சந்திக்குப் போனால், 1999 ஜூலை 29ஆம் திகதி காலை கலாநிதி நீலன் திருச்செல்வம் விடுதலைப் புலிகளின் தற்கொலைத் தாக்குதலில் கொல்லப்பட்ட இடத்துக்கு வந்துவிடுவோம். அரசியல் தீர்வுக்காகச் சட்ட வரைவுகளோடு வாழ்ந்த ஒரு தமிழரைத் தமிழரின் பெயராலேயே கொன்றார்கள். அந்த இடமும் வரைபடத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பாத அந்த 13 இராணுவத்தினரின் குடும்பங்கள் கனத்தை வாசலில் காத்துநின்ற மாலையும் அந்தப் பலகையில் இருக்க வேண்டும், ஏனெனில் அவர்களுடைய துக்கத்தை எடுத்துத்தான் வேறு சிலர் தீ மூட்டினார்கள்.

அண்மைக் காலத்திலும் கனத்தை அமைதியாக இருக்கவில்லை. 2020 டிசம்பரில், கொரோனாத் தொற்று என்று சொல்லி, பிறந்து 20 நாட்களேயான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக இந்தத் தகனசாலையில் எரித்தார்கள். அடக்கம் செய்தால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கப்படவில்லை. அதன்பின் எல்லா இனத்தவர்களும் வந்து மயானத்தின் வேலிக் கம்பிகளில் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள், கட்டக் கட்ட அவை அகற்றப்பட்டன, மீண்டும் கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் அரசாங்கம் அடக்கத்துக்கு அனுமதி அளித்தது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. கொழும்பு மக்கள் ஒருவருக்காக ஒருவர் நின்ற நாட்களில் அதுவும் ஒன்று. அந்த வேலிக்கு அருகே அதைச் சொல்லும் பலகை இல்லாமல் போனால், நம் பேரப் பிள்ளைகளுக்கு அந்தக் கம்பிகள் வெறும் கம்பிகளாகவே இருக்கும்.

பொரளை முழுவதும் துயரம்தான் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. நடக்கும் தூரத்திலேயே கோதமி விகாரை இருக்கிறது; அதன் சுவர்களில் ஜோர்ஜ் கீற் 1939, 1940ஆம் ஆண்டுகளில் தீட்டிய புத்தரின் வாழ்க்கை ஓவியங்கள் இந்தத் தீவின் நவீன ஓவியத்தில் ஒரு திருப்பம். அவற்றைப் பார்க்க வருபவர்களில் பலர் கனத்தையைத் திரும்பிப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். மயானம், சிறைச்சாலை, விகாரை, சந்தி ஆகியவற்றை ஒரே நடைவழியாக இணைத்து ஒரு வரைபடம் போட்டால், அரை நாளில் ஒரு பாடசாலை வகுப்பு அத்தனையையும் நடந்தே பார்த்துவிடலாம்.

பழைய காயத்தைக் கிளறுவானேன் என்று சபையில் எவரேனும் கேட்கலாம். அந்தக் காயம் மூடியிருந்தால் அந்தக் கேள்விக்கு நியாயம் இருந்திருக்கும். 2004 ஜூலையில் அன்றைய சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 1983க்காக நாட்டின் பெயரால் பகிரங்க மன்னிப்புக் கேட்டார். நாட்டின் தலைவர் சொன்னதை மாநகரம் ஒரு கல்லில் எழுதி வைப்பதில் புதிதாகக் கிளறுவதற்கு என்ன இருக்கிறது? மயானம் துக்கத்துக்கு வருபவர்களின் இடம், வேடிக்கை பார்க்க வருபவர்களின் இடமல்ல என்று இன்னொரு கருத்து எழும். அதை நான் முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் சிலையோ நினைவுத் தூபியோ மின்விளக்கு அலங்காரமோ கேட்கவில்லை. ஈமச் சடங்கு ஊர்வலங்கள் செல்லும் பாதைகளிலிருந்து விலகி, இடுப்பளவு உயரத்தில், வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும் பலகைகள் போதும். நுழைவாயிலில் ஒரு வரைபடமும், சடங்கு நடைபெறும் நேரங்களில் பார்வையாளர்கள் எந்தப் பகுதிக்குப் போகக் கூடாது என்ற தெளிவான அறிவித்தலும் இருந்தால், துக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்றைக்கு இருப்பதைவிடக் கூடுதல் தனிமை கிடைக்கும்.

செலவைவிட எனக்குக் கவலை தருவது தமிழ் வாசகம். பொது இடங்களில் தமிழ்ப் பலகைகள் எழுத்துப் பிழை மலிந்து, பொருளே மாறி நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியான ஒரு நாட்டில், இறந்தவர்களைப் பற்றிய வாசகமாவது பிழையின்றி இருக்க வேண்டும். மூன்று மொழிகளிலும் அந்தந்த மொழியில் எழுதத் தெரிந்தவர்களே தனித்தனியாக எழுதட்டும். வரலாற்றாசிரியர்களும், பல்கலைக்கழகத்தினரும், 1983இல் பொரளையில் வாழ்ந்த சிங்கள, தமிழ், முஸ்லிம் குடும்பங்களும் அதைச் சரிபார்க்கட்டும். கூடவே, மயானத்தின் பழைய பதிவேடுகளை மின்வடிவில் பிரதி எடுத்துப் பொதுமக்களின் பார்வைக்குத் திறந்துவிடுங்கள். புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் தாத்தா பாட்டியின் கல்லறையைத் தேடி வந்து, எந்தப் பகுதி என்று தெரியாமல் வெயிலில் அலைந்துவிட்டுத் திரும்புவது எனக்குப் பழகிப்போன காட்சி.

சுற்றுவட்டத்தில் வைக்க வேண்டிய பலகைக்கான வாசகத்தை, விவாதத்துக்கு ஒரு தொடக்கமாக, இங்கே முன்வைக்கிறேன்: "1983 ஜூலை 24ஆம் திகதி மாலை, யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரை அடக்கம் செய்யவென இங்கே மக்கள் திரண்டனர். அன்றிரவு இவ்விடத்திலிருந்து தொடங்கிய வன்முறையில் நாடெங்கும் தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். அவர்களுடைய வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அவர்களைக் காப்பாற்றத் தம் வீட்டுக் கதவுகளைத் திறந்த அயலவர்களையும் கொழும்பு மாநகரம் இங்கே நினைவுகூர்கிறது." திருத்துங்கள், வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், "தமிழ் மக்கள்" என்ற இரண்டு சொற்களை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இந்தக் கோரிக்கையைச் சபையின் அடுத்த மாதாந்தப் பொதுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு பிரேரணையாகச் சேர்க்கும்படியும், வாசகங்களைத் தயாரிக்க ஒரு குழுவை நியமித்து அதன் கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் முடிவு எதுவாயினும் அதை மூன்று மொழிகளிலும் எழுத்தில் வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
பொரளையில் வாழும் வரியிறுப்பாளர் ஒருவர்